விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: பிசி கேமர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் கேம்கள் லினக்ஸில் ஓடுமா?

இதற்கு விடை தெரியாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் பல வகைகளில் ஒன்று) நல்லது என்று வாரக்கணக்கில் தேடுகிறவர்கள் பலர், தாங்கள் தினமும் ஆடும் ஒரே கேம் லினக்ஸில் திறக்கவே திறக்காது என்பதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். முதலில் கேம் பட்டியல், அடுத்து கிராபிக்ஸ் கார்டு, அதற்குப் பிறகுதான் டிஸ்ட்ரோ.

ஒரு தாளில், கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் ஆடிய கேம்களை எழுதுங்கள். லைப்ரரியில் தூங்கும் இருநூறு கேம்கள் இந்தக் கணக்கில் வேண்டாம். ஒவ்வொன்றையும் புரோட்டான்டிபி தளத்தில் தேடுங்கள்; எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே அங்கே எழுதுகிறார்கள். பிளாட்டினம் என்றால் எதையும் தொடாமலே ஓடும். கோல்டு என்றால் சின்னத் திருத்தம் ஏதாவது தேவைப்படலாம். சில்வர், பிரான்ஸ் என்று இறங்க இறங்கத் தொல்லை கூடும். போர்க்டு என்றால் ஓடாது. மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்களுடையதைப் போன்ற கார்டு வைத்திருப்பவர்கள் எழுதியதைப் படியுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய புகாருக்கு இன்று பெரும்பாலும் மதிப்பில்லை.

தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை ஓடும். சிக்கல் இருப்பது ஆன்லைன் போட்டி கேம்களில்.

எந்தெந்த ஆன்லைன் கேம்கள் ஓடாது? ஏன்?

வேலரண்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டியின் புதிய பாகங்கள், பேட்டில்ஃபீல்டு 6, பப்ஜியின் பிசி பதிப்பு, ரெயின்போ சிக்ஸ் சீஜ், டெஸ்டினி 2 ஆகியவை ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடியது. 2024 அக்டோபர் இறுதியில் அதன் நிறுவனமே லினக்ஸைத் தடுத்துவிட்டது. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதியை ஆடலாம், ஆனால் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட்டை (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) சேர்த்த பிறகு ஜிடிஏ ஆன்லைன் வேலை செய்வதில்லை.

இந்த கேம்களில் பலவற்றின் ஆன்டி-சீட், விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஒரு டிரைவராக உட்கார்ந்து கணினி முழுவதையும் கண்காணிக்கிறது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டான் ஓடுவது கர்னலுக்கு வெளியே. அங்கிருந்து அந்த டிரைவருக்குத் தேவையான இடத்தை உருவாக்கித் தர முடியாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு ஆதரவு தந்துவிட்டன. ஆனால் அந்த ஆதரவை ஒவ்வொரு கேம் நிறுவனமும் தன் கேமுக்குத் தனியாக அனுமதிக்க வேண்டும். எல்டன் ரிங் அனுமதித்தது, ஆன்லைனிலும் ஓடுகிறது. ஃபோர்ட்நைட் அனுமதிக்கவில்லை. ஆக, தொழில்நுட்பம் தயாராக இருந்தும் முடிவு உங்கள் கையில் இல்லாத இடம் இது.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் நேரடி லினக்ஸ் பதிப்புகளாகவே வருகின்றன. ஓவர்வாட்ச் 2, மார்வெல் ரைவல்ஸ் ஆகியவை புரோட்டானில் ஓடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. தடுக்கப்பட்ட கேமை வர்ச்சுவல் மெஷினிலோ குறுக்கு வழியிலோ ஓட்டப் பார்த்தால் கணக்கே முடக்கப்படலாம். வருடக்கணக்கில் சேர்த்த ஸ்கின்களும் ரேங்க்கும் போய்விடும். உங்கள் தினசரி கேம் வேலரண்ட் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கணினியில் வைக்கும் முறை கீழே இருக்கிறது.

புரோட்டான் என்றால் என்ன?

விண்டோஸுக்கு எழுதிய கேமை லினக்ஸில் ஓட வைக்கும் அடுக்கு. 1993-இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் வால்வ் நிறுவனம் கட்டி, 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள் கொண்டுவந்தது. விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் கார்டுடன் பேசும் மொழி டைரக்ட்எக்ஸ்; லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது வல்கன். டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரையிலான கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதி வல்கனுக்கு மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12-ஐ விகேடி3டி-புரோட்டான் மாற்றுகிறது. கேம் வல்கனில்தான் ஓடுகிறது என்பதால், உங்கள் கார்டு வல்கனை எவ்வளவு நன்றாக ஆதரிக்கிறதோ அவ்வளவுக்குத்தான் கேமும் நன்றாக ஓடும். ஸ்டீம் டெக்கில் ஓடுவதும் இதே அடுக்குதான்.

என் கிராபிக்ஸ் கார்டு போதுமா?

ஏஎம்டி ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்து மேலே எதுவானாலும் கவலையில்லை. டிரைவர் கர்னலிலும், மேசா என்ற திறந்தமூல கிராபிக்ஸ் தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். பழைய ஆர்எக்ஸ் 580 கூட நன்றாகவே உழைக்கும். புத்தம் புதிய கார்டு என்றால் நிலைமை தலைகீழ்: 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9070 போன்றவற்றுக்குப் புதிய கர்னலும் புதிய மேசாவும் வேண்டும். உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 என்ற டிஸ்ட்ரோவின் தொடக்கக் கர்னல் 6.8, அது இந்தக் கார்டுகளுக்குப் பழையது.

என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் மேலே நல்ல நிலையில் இருக்கின்றன. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி. அவை ஓடும், ஆனால் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது 590 அல்லது அதற்கு மேல் போட்டுவிட்டால் திரை கறுப்பாகிவிடும்.

ஜிடி 710, ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் உள்ள கெப்ளர் (பழைய சிப் வகை) கார்டு வைத்திருப்பவர்களை மாறச் சொல்ல மனமில்லை. அவற்றின் 470 டிரைவர் வல்கன் 1.2 வரைதான் தரும். டிஎக்ஸ்விகே 2.0-க்கு வல்கன் 1.3 தேவை. பழைய புரோட்டானைத் தேடிப் பிடித்துப் பழைய கேம்களை ஆடலாம், அவ்வளவுதான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ விதிவிலக்கு: அது அடுத்த தலைமுறையான மேக்ஸ்வெல் சிப் என்பதால் 580 டிரைவரே அதற்கும் பொருந்தும். இன்டெல் உள்ளமை கிராபிக்ஸில் நான்காம் தலைமுறைக்கும் கெப்ளரின் கதைதான். ஆறாம் தலைமுறையிலிருந்து வல்கன் ஆதரவு சரியாக இருக்கிறது, ஆனால் சிறிய கேம்களுக்குத்தான் அதற்கு வலு உண்டு.

என் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு லினக்ஸ் விடையா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதல் மேலுள்ள செயலியும் வேண்டும். லினக்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 570 அல்லது ஜிடிஎக்ஸ் 1060 உள்ள கணினியைக் குப்பைக்கு அனுப்பத் தேவையில்லை. 8 ஜிபி ரேம் என்றால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். வேறு எந்தச் செலவையும்விட அது அதிகம் உதவும்.

எந்த டிஸ்ட்ரோ?

கேம் மட்டுமே நோக்கம், சிஸ்டத்தைக் குடைந்து பார்க்கும் ஆசை இல்லை என்றால் பாசைட். ஃபெடோராவின் அடாமிக் வகையைச் சேர்ந்தது. ஸ்டீம், டிரைவர் எல்லாம் உள்ளேயே வரும். தரவிறக்கும் பக்கத்தில் உங்கள் கார்டு வகையைக் கேட்கும். என்விடியாவின் 900, 1000 வரிசைகளுக்கும், 16 வரிசை முதல் மேலுள்ளவற்றுக்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஒரு அப்டேட் கெடுத்துவிட்டால், பூட் ஆகும்போது வரும் பட்டியலில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். இதற்கு விலையாக, சிஸ்டம் கோப்புகளை நீங்கள் நேரடியாக மாற்ற முடியாது. மென்பொருளைப் பெரும்பாலும் ஃபிளாட்பேக்காகத்தான் (சிஸ்டத்தைத் தொடாமல் தனிப் பொதியாக வரும் வடிவம்) போடுவீர்கள்.

கேமோடு படிப்பு, அலுவலக வேலையும் இருக்கிறது, கார்டும் இரண்டு மூன்று வருடம் பழையது என்றால் லினக்ஸ் மின்ட். அதன் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தால் போதும். புதிய கார்டும், சரிசெய்து பழகும் ஆர்வமும் இருந்தால் ஃபெடோரா, நோபரா, காச்சிஓஎஸ். கடைசியில் சொன்னது ஆர்ச் வழி வந்தது. வேகமாகப் புதுப்பிக்கப்படும், அதனால் எப்போதாவது ஏதாவது உடையும்.

டிஸ்ட்ரோவை மாற்றினால் வேகம் பல மடங்காகும் என்று நினைக்காதீர்கள். ஒரே கர்னல், ஒரே மேசா, ஒரே புரோட்டான் இருந்தால் வித்தியாசம் மிகச் சிறியது.

விண்டோஸை அழிக்காமல் நிறுவுவது எப்படி?

தனி எஸ்எஸ்டி வாங்குங்கள். 500 ஜிபி போதும். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைக்க முடியும். ஆனால் அப்போது பூட் பகுதியை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) பட்டியலை மாற்றியதால் பலருடைய இரட்டைப் பூட் கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. தனி டிஸ்க் இதைத் தடுத்திருக்காது, ஆனால் ஒன்றின் பூட் கோப்புகளை மற்றொன்று மேலெழுதும் வழக்கமான விபத்து அதில் நேராது.

விண்டோஸுக்குள் இருக்கும்போதே மூன்று வேலை. முதலாவது, பிட்லாக்கர். விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிடுகிறது. பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று அமைக்கும் பக்கத்தில் இதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஷட்டவுன் செய்த பிறகும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும்; லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். மூன்றாவது, சேவ் கோப்புகள். ஸ்டீம் கிளவுட் இல்லாத கேம்களின் சேவ், டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ், யூசர் ஃபோல்டரில் சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டாவின் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் ஆகிய இடங்களில் இருக்கும். பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

பிறகு 16 ஜிபி பென்டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ், ஃபெடோரா மீடியா ரைட்டர், பலேனா எட்சர் இவற்றில் ஒன்றால் எழுதுங்கள். கோப்பை அப்படியே காப்பி செய்தால் பூட் ஆகாது. கணினியை அணைத்து, விண்டோஸ் எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றுங்கள், எம்.2 என்றால் ஒரு திருகுதான். விண்டோஸ் டிஸ்க்கைத் தவறுதலாக அழித்துவிடும் ஆபத்து இதோடு தீர்ந்தது. எஃப்12, எஃப்11, எஃப்8 இவற்றில் உங்கள் மதர்போர்டுக்கு உரியதை அழுத்திப் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். நிறுவாமலே பார்க்கும் லைவ் வசதி இருந்தால் வைஃபை, ஒலி, திரை மூன்றையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். வைஃபை சிப் அங்கே வேலை செய்யாவிட்டால் நிறுவிய பிறகு தானாகச் சரியாகிவிடாது.

செக்யூர் பூட்டை இயக்கத்தில் வைத்து என்விடியா டிரைவர் போட்டால், அடுத்த பூட்டில் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யும்படி கேட்கும். அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. கேம் சில ஃபிரேம்களில் நகரும். என்விடியாவில் "ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்டீமில் என்ன அமைக்க வேண்டும்?

அதிகம் இல்லை. செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைத் திறந்து, எல்லா கேம்களுக்கும் ஸ்டீம் பிளே இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஸ்டீமில் இயல்பாகவே இருக்கும். ஒரு கேம் திறக்காவிட்டால் அதன் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டியில் முதலில் புரோட்டான் எக்ஸ்பெரிமென்டலை முயலுங்கள். கதைக் காட்சி வீடியோ கறுப்பாகவோ வண்ணப் பட்டைகளாகவோ வந்தால், வீடியோ கோடெக் சேர்த்த ஜிஇ-புரோட்டானைப் போடுங்கள். புரோட்டான்அப்-க்யூடி என்ற மென்பொருள் இரண்டு கிளிக்கில் நிறுவும்.

புரோட்டானை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். டெனுவோ பாதுகாப்பு உள்ள கேம்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய கணினி என்று எண்ணக்கூடும். ஒரு நாளில் ஐந்தைத் தாண்டினால் 24 மணி நேரம் பூட்டிவிடும்.

உபுண்டு பயன்படுத்தினால் ஸ்னாப் வடிவ ஸ்டீமைத் தவிர்த்து, ஸ்டீம் தளத்தில் கிடைக்கும் டெப் கோப்பை நிறுவுங்கள். ஃபிளாட்பேக் வடிவ ஸ்டீம் இரண்டாவது டிஸ்க்கைப் பார்க்கவில்லை என்றால், ஃபிளாட்சீல் வழியாக அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுங்கள்.

விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் கேம்களை அப்படியே லினக்ஸில் ஓட்டலாமா?

டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருப்பதால், வேண்டாம். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்ன விண்டோஸ் ஃபோல்டரை உருவாக்குகிறது. அதில் சிம்லிங்க்குகளும் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்புகள்) என்டிஎஃப்எஸ் ஏற்காத எழுத்துகளைக் கொண்ட பெயர்களும் உண்டு. முதல் நாள் ஓடும் கேம் பத்தாம் நாள் திறக்காது. கோப்புகள் சிதைந்த கதைகளும் உண்டு. லினக்ஸ் டிஸ்க்கை இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் வடிவில் வையுங்கள்.

அதற்காக 100 ஜிபியை மறுபடி இறக்க வேண்டியதில்லை. பழைய டிஸ்க்கில் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன் ஃபோல்டரில் கேமின் ஃபோல்டர் இருக்கும். அதை லினக்ஸ் லைப்ரரியின் அதே இடத்துக்குக் காப்பி செய்துவிட்டு, ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுங்கள். இருக்கும் கோப்புகளைக் கண்டுகொண்டு விடுபட்டதை மட்டும் இறக்கும். வீட்டில் இன்னொரு கணினியில் அந்த கேம் இருந்தால், ஸ்டீமின் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர் வழியாக டேட்டா செலவில்லாமல் இழுக்கலாம்.

எபிக், ஜிஓஜி, கேம் பாஸ்?

எபிக், ஜிஓஜி, அமேசான் மூன்றுக்கும் ஹீரோயிக் லாஞ்சர். பேட்டில்நெட், யூபிசாஃப்ட், ஈஏ ஆகியவற்றுக்கு லூட்ரிஸ். ஈஏ லாஞ்சரை அந்த நிறுவனம் மாற்றும்போதெல்லாம் சில நாள் உடைந்து கிடக்கும். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸின் பிசி கேம்கள் லினக்ஸில் நிறுவ முடியாது. கிளவுட் கேமிங் இருக்கும் இடங்களில் பிரவுசரில் ஆடலாம். சந்தா கட்டி அதை நம்பியிருப்பவர்கள் மாறும் முன் யோசியுங்கள். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு பிரிஸம் லாஞ்சர் நல்லது.

ஃபிரேம் ரேட் குறையுமா?

ஏஎம்டியில் பெரும்பாலான கேம்களில் சமமாக இருக்கும், சிலவற்றில் லினக்ஸ் முந்தும். என்விடியாவில் டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள் நெருக்கமாக வரும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். டிஎல்எஸ்எஸ், ரே டிரேசிங் இரண்டும் வேலை செய்கின்றன. ஊகத்துக்கு விடாமல், ஃபிரேம் ரேட்டைத் திரையிலேயே காட்டும் மாங்கோஹட் போட்டு ஒரே இடத்தில், ஒரே செட்டிங்கில் லினக்ஸில் அளந்து, விண்டோஸில் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் முறை கேம் திறக்கும்போது "வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறது" என்று பல நிமிடம் ஓடும். முடியும்வரை விடுங்கள், நடுவில் தாண்டினால் ஆட்டத்தின்போது விக்கல் வரும். டிரைவர் மாறினால் இது மறுபடி நடக்கும்.

இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள லேப்டாப்பில் கேம் மெதுவாக இருந்தால், அது எந்தக் கார்டில் ஓடுகிறது என்பதை மாங்கோஹட்டில் முதலில் பாருங்கள்.

4கே டிவியில் 120 ஹெர்ட்ஸ் வரவில்லையே?

ஏஎம்டி கார்டை எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருக்கிறீர்கள். எச்டிஎம்ஐ 2.1 ஆதரவைத் திறந்தமூல டிரைவரில் வெளியிட 2024-இல் எச்டிஎம்ஐ ஃபோரம் ஏஎம்டிக்கு அனுமதி மறுத்துவிட்டது. மானிட்டர் என்றால் டிஸ்பிளேபோர்ட் கேபிள் போடுங்கள். டிவியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் வேண்டும். என்விடியாவின் சொந்த டிரைவரில் இந்தத் தடை இல்லை.

கன்ட்ரோலர், ஹெட்செட், ஆர்ஜிபி?

கேபிளில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், ப்ளூடூத்தில் டூயல்சென்ஸ் இரண்டும் இணைத்ததும் வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸின் வயர்லெஸ் டாங்கிளுக்கு எக்ஸ்ஒன் டிரைவர் தேவை. பாசைட்டில் கூடவே வரும். நிறுவனங்களின் ஆர்ஜிபி மென்பொருள்கள் வராது. ஓப்பன்ஆர்ஜிபி பல சாதனங்களுக்கு உதவும், மவுஸுக்கு பைப்பர். மவுஸின் செட்டிங்கை அதன் உள் நினைவகத்தில் சேமிக்க முடிந்தால், விண்டோஸை விடும் முன்பே சேமித்துவிடுங்கள்.

மாட்கள்?

கோப்பை எடுத்துப் போடும் மாட்கள் சுலபம். டிஎல்எல் கோப்பு சேர்க்கும் மாட்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: புரோட்டான் தன் சொந்த டிஎல்எல்லை எடுத்துக்கொண்டு, நீங்கள் போட்டதைப் புறக்கணிக்கும். புரோட்டான்ட்ரிக்ஸ் என்ற கருவியில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, வைன் அமைப்பின் லைப்ரரிஸ் பகுதியில் அந்த டிஎல்எல்லின் பெயரைச் சேர்த்து, நேட்டிவ் முதலில் என்று அமையுங்கள்.

கேம் கெட்டுப்போனால் அதன் புரோட்டான் ஃபோல்டரை அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்கலாமா?

அழிக்கலாம், ஆனால் சேவ் கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது. ஸ்டீம்ஆப்ஸில் கம்பேட்டேட்டா ஃபோல்டர், அதற்குள் கேமின் எண், பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போனால் விண்டோஸில் பார்த்த அதே டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா இருக்கும். முதலில் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள். விண்டோஸிலிருந்து கொண்டுவந்த சேவ்களை வைக்க வேண்டிய இடமும் இதுவே. கேமை ஒருமுறை திறந்து மூடிய பிறகுதான் இந்த ஃபோல்டர் உருவாகியிருக்கும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது!

மதர்போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் 5.30 மணி. நேரம் தவறாக இருந்தால் சில லாஞ்சர்களில் லாகின்கூட ஆகாது. விண்டோஸின் தேதி, நேரம் செட்டிங்ஸில் சிங்க் நவ் அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று: தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸின் கீபோர்டு அமைப்பிலேயே சேர்க்கலாம். கேம் திறக்கும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கேமில் நடக்கும் விசைகள் வேலை செய்யாததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

பிடிக்காவிட்டால் திரும்புவது எப்படி?

தனி டிஸ்க்கில் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. சேவ்களை எடுத்துக்கொண்டு, பயாஸில் விண்டோஸ் டிஸ்க்கை முதல் பூட்டாக வையுங்கள். விண்டோஸ் திறந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை அழித்துப் புதிதாக ஃபார்மட் செய்யுங்கள். அளவைப் பார்த்து அது எந்த டிஸ்க் என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகே அழியுங்கள். பயாஸ் பட்டியலில் லினக்ஸின் பெயர் மட்டும் மிஞ்சி நிற்கலாம். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. அழிக்கும் முன் ஒரு மாதம் அப்படியே விட்டுவைத்தால் இன்னும் நல்லது. கேம் நிறுவனங்கள் அனுமதியை மாற்றுகின்றன, புரோட்டானும் மாதாமாதம் மாறுகிறது. இன்று திறக்காத கேம் அதற்குள் திறந்திருக்கக்கூடும்.